அரிசி வீட்டில் ஒரு சீலியாக் குழந்தை

சீலியாக் நோய் சிறுகுடலைத் தாக்குவது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது வயிற்றுக்குள் போகும்போதெல்லாம் உடலின் எதிர்ப்பு மண்டலம் அதைப் பகையாகக் கண்டு கிளம்பி, கூடவே தன் குடலின் உட்சுவரையும் தாக்குகிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. குழந்தை சாப்பிட்டும் தேறாது. வயிறு உப்பியிருக்க, கை கால் மெலியும், பேதி வாரக்கணக்கில் நீளும், எதற்கெடுத்தாலும் சிணுங்கும். வயிற்றுத் தொல்லையே இல்லாத குழந்தைகளும் உண்டு. வகுப்பில் மற்ற பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போக ஒரு பிள்ளை மட்டும் உயரம் கூடாமல் நிற்பதும், இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ரத்தசோகை தீராததும் மட்டுமே அங்கே அடையாளம். கோதுமை ஒவ்வாமை வேறு. அதில் தடிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் சாப்பிட்ட சற்று நேரத்தில் வரும். குழந்தை வளர வளரப் பலருக்கு அது நீங்கியும் விடும். சீலியாக் நீங்குவதில்லை. அதற்கு இன்றுவரை உள்ள ஒரே சிகிச்சை, குளூட்டன் இல்லாத உணவை வாழ்நாள் முழுதும் கடைப்பிடிப்பதுதான்.

தமிழ்நாட்டில் இந்த நோய் அரிது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தது. வட இந்தியாவில் 100-க்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தென்னிந்தியாவில் 0.10 பேருக்கும் ரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தது. இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு அமைப்பு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், சுமார் மூன்றில் ஒருவருக்குக் காணப்பட்டது. பெரிய வேறுபாடு தட்டில் இருந்தது: ஒருவர் ஒரு நாளில் உண்ணும் கோதுமை வடக்கே சராசரியாக 455 கிராம், தெற்கே 25 கிராம். தெற்கே காலை டிபனிலும் மாலைச் சிற்றுண்டியிலும் கோதுமையும் மைதாவும் ஏறிக்கொண்டே வருவதை எந்த வீட்டு மளிகைப் பட்டியலும் காட்டும். "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதற்கு விடையும் இந்த எண்களிலேயே இருக்கிறது. அவர்கள் குழந்தையாக இருந்தபோது தட்டில் சோறும் களியும் கூழும் இருந்தன. ரொட்டி காய்ச்சல் வந்தவர்களுக்கு வாங்குவது.

அரிது என்பதால் குடும்பம் தனித்து நிற்கிறது. டெல்லியிலோ அமிர்தசரஸிலோ ஒரு தாய், தன் தெருவிலேயே இன்னொரு சீலியாக் குழந்தையின் தாயைத் தேடிப் பிடிக்க முடியும். தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் மருத்துவமனைப் பணியாளர்களுக்கே அந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். அரிசி உண்ணும் வீட்டுக்கு இன்னொரு தடையும் உண்டு. உணவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சந்திப்பது இதைத்தான். "நாங்க சோறு, இட்லி சாப்பிடறவங்க. சப்பாத்தியை நிறுத்திட்டோம், அவ்வளவுதானே" என்று பெற்றோர் நிம்மதியாகச் சொல்வார்கள். பஞ்சாபில் ஒரு வீடு முழு அடுக்களையையும் மாற்றியாக வேண்டும். அதனால் விழிப்பு தானாக வருகிறது. இங்கே மாற்ற வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் பெருங்காய டப்பாவிலும் சத்துமாவுக் கஞ்சியிலும் வடைச் சட்டி எண்ணெயிலும் ஒளிந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் ரத்தப் பரிசோதனை எண் இறங்காமல் நிற்கும்போது காரணம் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் கிடைக்கிறது.

உணவை மாற்றும் முன் நோய் உறுதியாக வேண்டும். சந்தேகம் வந்த உடனே கோதுமையை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரும் குடும்பங்கள் உண்டு. அதற்குள் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். முடிவு எதையும் காட்டாது. பிறகு குழந்தைக்கு மீண்டும் கோதுமை கொடுத்து நோயை வரவழைத்துச் சோதிக்க வேண்டிய கொடுமை நேர்கிறது. முதல் சோதனை, ரத்தத்தில் டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை அளப்பது. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் பார்ப்பார்கள். ஐஜிஏ பிறவியிலேயே குறைந்த குழந்தைக்கு டிடிஜி பொய்யாகச் சரியென்று காட்டிவிடும். அடுத்து எண்டோஸ்கோபி வழியே குடல் திசு எடுத்துப் பார்ப்பது வழக்கம். டிடிஜி உச்ச வரம்பைப்போல் 10 மடங்கும் அதற்கு மேலும் இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியில் எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் தென்பட்டால் திசுப் பரிசோதனை இல்லாமலே முடிவு செய்யலாம் என்கிறது ஐரோப்பியக் குழந்தை இரைப்பை குடலியல் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி. எப்படி உறுதி செய்தாலும் அந்த அறிக்கைகளைக் குடும்பம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து, "உனக்கு உண்மையிலேயே இந்த நோய் இருக்கிறதா?" என்று யாராவது கேட்பார்கள், பெரும்பாலும் அந்தப் பிள்ளையே கேட்கும்.

கோதுமைதான் காரணம் என்பதைக் கண்டுசொன்னவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1888-இல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக விவரித்து, குணம் வந்தால் உணவால்தான் வரும் என்ற கருத்தையும் சொல்லியிருந்தார். எந்த உணவு என்பது மட்டும் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. வாழைப்பழமே பிரதானமான உணவு அமெரிக்காவில் நெடுங்காலம் சிகிச்சையாக இருந்தது. டிக்கேவுக்கு 1930-களிலேயே ரொட்டி மீது ஐயம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது மற்ற குழந்தைகள் வாட, சீலியாக் குழந்தைகளின் நிலை கெடாமல் இருந்ததும், ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மீண்டும் நோயுற்றதும் அந்த ஐயத்தை வலுப்படுத்தின. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு கோதுமையை நீக்கும் சிகிச்சைக்கு அடித்தளமிட்டது. இன்று ஒரு குழந்தைக்கு எழுதிக்கொடுக்கும் உணவுத் திட்டத்தின் சாரம் அந்த ஆய்வேட்டில் இருந்ததுதான்.

உணவியலாளருடன் நடக்கும் முதல் ஆலோசனைக்கு வீட்டில் சமைப்பவர் யாரோ அவர் வர வேண்டும். அம்மா வேலைக்குப் போய்ப் பாட்டி சமைக்கும் வீட்டில், பாட்டி இல்லாத ஆலோசனையால் பயனில்லை. குழந்தையும் இருக்க வேண்டும். அதன் தலைக்கு மேலே பெரியவர்கள் பேசிக்கொள்வதைவிட அதனிடமே பேசுவது நல்லது. "உன் வயித்துக்குள்ள சாப்பாட்டுச் சத்தை இழுத்துக்கற குட்டிக் குட்டி விரல் மாதிரி இருக்கு. கோதுமை பட்டா அது புண்ணாகுது. கோதுமை வராம இருந்தா மறுபடி வளந்துரும்." ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது போதும். கோதுமையை விஷம் என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளை, அப்பா பரோட்டா தின்பதைப் பார்த்து அலறியதுண்டு. வெளியில் எதையுமே தொடாமல் சுருங்கிப்போகும் பிள்ளைகளும் உண்டு. அந்த அச்சம் மெலிவைப்போலவே கவனிக்க வேண்டிய கேடு.

அடுத்த வேலை அடுக்களையில். அலமாரியில் உள்ள எல்லா டப்பாவையும் பாக்கெட்டையும் கூடத்தில் பரப்பி வைத்துப் பிரிப்பதுதான் இதுவரை பார்த்தவற்றில் சிறந்த வழி. அரிசி, பருப்பு, உளுந்து, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், ஜவ்வரிசி, எண்ணெய், நெய், சர்க்கரை, வெல்லம், முழு மசாலாப் பொருட்கள் ஒரு பக்கம் போகும். ஆட்டா, மைதா, ரவை, சம்பா ரவை, சேமியா, பிஸ்கட், ரஸ்க், பிரெட், நூடுல்ஸ் இன்னொரு பக்கம். இந்த இரண்டிலும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. மூன்றாவது குவியல்தான் நேரம் கேட்பது: பாக்கெட் சாம்பார்பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், மிக்சர், சோயா சாஸ், கார்ன்ஃபிளேக்ஸ், மால்ட் கலந்த சத்துபானம், பல தானியச் சத்துமாவு. ஒவ்வொன்றின் லேபிளையும் படிக்க வேண்டும். பாட்டி டப்பாவை எடுத்துக்கொடுக்க, அம்மா படிக்க, பிள்ளை எந்தக் குவியல் என்று சொல்ல, அந்த ஒரு மாலையில் குடும்பம் கற்றுக்கொள்வது அச்சிட்ட பட்டியல் எதிலும் கிடைக்காது. சத்துமாவைப் பிரித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் வீடே திகைத்துப்போகும். பிள்ளை தேற வேண்டும் என்று தினம் இரண்டு வேளை கொடுத்த கஞ்சியில் வறுத்த கோதுமை இருந்திருக்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவிலும் கோதுமை உண்டு.

பெருங்காயத்துக்குத் தனியாகச் சில வரிகள் வேண்டும். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது கூட்டுப் பெருங்காயம். பெருங்காயப் பிசினின் காரம் தாங்க முடியாதது என்பதால் அதை மாவோடும் வேலம்பிசினோடும் சேர்த்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமையோ மைதாவோதான். கட்டியாக இருந்தால் சுத்தமானது, தூளாக இருந்தால் கலப்படம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது, கட்டியும் கூட்டுதான். ஒரு குழம்புக்கு இடும் அளவு சிறிதே. ஆனால் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், பொடி, புளியோதரை என்று ஒரு தமிழ் வீட்டில் அது படாத வேளை இல்லை. அரிசி மாவில் செய்த கூட்டுப் பெருங்காயமும், மாவே சேராத பால் பெருங்காயமும் கிடைக்கின்றன. மாற்றுவதற்கு ஆகும் செலவு சொற்பம். எனவே "இவ்வளவு சின்ன அளவு என்ன செய்யும்?" என்று விவாதித்துக்கொண்டிருக்காமல், முதல் நாளே டப்பாவை மாற்றிவிடுவது நல்லது.

சின்ன அளவு என்ன செய்யும் என்பதற்குக் கணக்கு உண்டு. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டவர்களின் குடல் பாதிக்கப்பட்டது. கோதுமை மாவின் எடையில் சுமார் 8 முதல் 10 சதவீதம் குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், அரை கிராமைச் சற்றே தாண்டிய மாவிலேயே 50 மில்லிகிராம் வந்துவிடும். விரல் நுனியில் ஒட்டும் மாவு அது. சப்பாத்தி தேய்த்த பலகையில் அரிசி ரொட்டி தட்டினாலும், பூரி பொரித்த எண்ணெயில் உளுந்து வடை போட்டாலும் அந்த அளவு சேர்ந்துவிடும். ஆகவேதான் பாத்திரங்களில் இவ்வளவு கண்டிப்பு. எவர்சில்வரும் கண்ணாடியும் சோப்பு போட்டு நன்றாகத் தேய்த்தால் சுத்தமாகிவிடும். அவற்றைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. மாவுச் சல்லடை, மரப் பூரிக்கட்டை, மரக் கரண்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா ஆகியவை சுத்தமாகாது. சல்லடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கம்பிக் கண்களில் அடைந்திருக்கும் வெள்ளை மாவு கண்ணுக்கே தெரியும். இவற்றைப் புதிதாக வாங்க வேண்டும். தோசைக்கல் குழந்தைக்கென்று ஒன்று இருக்கட்டும்.

மாவு மில் இன்னொரு கண்ணி. கோதுமை அரைத்த கல்லில் அடுத்து விழும் கேழ்வரகு கோதுமையோடுதான் வெளியே வரும். "முதல் ஈடு எனக்கு வேண்டாம்" என்று கேட்டு வாங்கினாலும் முழுப் பாதுகாப்பில்லை. தானியத்தை முழுதாக வாங்கி, பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் அரைப்பதே நம்பகமானது. அளந்து போடும் கடையில் ஒரே படி எல்லா மூட்டைக்குள்ளும் போய்வருவதால், சிறுதானியத்தைத் தட்டில் பரப்பிக் கோதுமை மணி கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் கூர்மையான பிள்ளைகள் இந்த வேலையைப் பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள். ஓட்ஸ் வேறு கணக்கு: அதில் உள்ள புரதம் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒத்துப்போகும், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்தே அது வருகிறது. குடல் ஆறும் வரை ஓட்ஸை ஒதுக்கிவைத்து, பிறகு மருத்துவரைக் கேட்டு, குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம்.

உணவு மாறிய சில வாரங்களிலேயே குழந்தையிடம் மாற்றம் தெரியும். முதலில் மாறுவது முகம். சிணுங்கல் அடங்கும், பசி என்று கேட்கும், விளையாடப் போகும். எடை அதன் பிறகு ஏறும். உயரம் இன்னும் மெதுவாகக் கூடும். தொடக்கத்தில் பால் குடித்தால் வயிறு பொருமலாம். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரப்பது. நுனியே தேய்ந்த குடலில் அது குறைவு. சில வாரங்கள் பாலைக் குறைத்துத் தயிரும் மோரும் கொடுத்தால் போதும். குடல் ஆறியதும் பால் ஒத்துக்கொள்ளும். "பாலும் ஆகாது" என்று முத்திரை குத்தி ஆண்டுக்கணக்கில் நிறுத்துவது தேவையற்றது. இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, துத்தநாகம் ஆகியவை குறைந்திருந்தால் மருத்துவர் சில மாதங்களுக்கு மருந்தாகத் தருவார். கோதுமை போனதும் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வருவதும் உண்டு. வெள்ளைச் சோற்றையே மூன்று வேளையும் கொடுக்காமல், கேழ்வரகும் கம்பும் பயறும் கீரையும் சேர்ந்தால் அது சீராகும்.

மாற்று உணவு தேடும்போது பெற்றோர் முதலில் ஓடுவது குளூட்டன் இல்லாத பிரெட்டுக்கும் பிஸ்கட்டுக்கும். விலை அதிகம், மாவுச்சத்தும் சர்க்கரையும் கொழுப்பும் கூடுதல், நார் குறைவு. பிறந்தநாளுக்கும் பயணத்துக்கும் அவை உதவும், தினசரிக்கு உதவாது. பரோட்டாவின் இழுவையும் அடுக்கும் குளூட்டன் தரும் குணம். அதே பரோட்டாவை வேறு மாவில் செய்துகாட்ட முயன்றால் பிள்ளைக்கு ஏமாற்றமே மிஞ்சும். தன்னளவில் ருசியான பண்டத்தைக் கொடுப்பதே மேல். இடியாப்பம், ஆப்பம், புட்டு, கொழுக்கட்டை, அடை, குழிப்பணியாரம், கம்பு தோசை எல்லாம் இங்கே தலைமுறைகளாக இருக்கின்றன. ரொட்டிதான் வேண்டும் என்று ஏங்கும் பிள்ளைக்குச் சோள ரொட்டி செய்யலாம். அதன் நுட்பம் எந்தத் தமிழ் வீட்டுக்கும் புதிதில்லை: இடியாப்ப மாவுக்குப் போலவே தளதளவென்று கொதிக்கும் நீரை மாவில் ஊற்றிக் கிளறி மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைய வேண்டும். சூட்டில் வெந்த மாவுச்சத்து பிசுபிசுப்பாகி, குளூட்டன் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் செய்யும். ஒரு சிட்டிகை இசப்கோல் சேர்த்தால் விளிம்பு வெடிக்காது, மடித்தாலும் பிட்டுப்போகாது. பிசைந்ததும் தட்டிச் சுட வேண்டும். ஆறினால் கைக்கு வராது.

லேபிள் படிப்பதைப் பெற்றோருக்கு ஒரே அமர்வில் கற்பித்துவிடலாம். இந்தியாவில் கோதுமையும் குளூட்டன் உள்ள பிற தானியங்களும் சேர்ந்த பாக்கெட் உணவில் அதை ஒவ்வாமைக் குறிப்பாகத் தனியே அச்சிட வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் விதி. உலக அளவிலான கோடெக்ஸ் தரமும் அதுவே. மால்ட் என்றிருந்தால் பார்லியிலிருந்து வந்தது என்று கொண்டு ஒதுக்க வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு பொருள், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு முறை படித்துத் தேர்ந்த பொருளை அடுத்த முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும். செய்முறையை நிறுவனங்கள் சொல்லாமல் மாற்றுவது வழக்கம்.

எல்லா வீட்டிலும் வரும் கடினமான பேச்சு ஒன்று உண்டு. பேரன் கூடத்தில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பிள்ளை தின்னும் கிரீம் பிஸ்கட்டையே பார்க்கிறான். பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு பிஸ்கட்டுக்கு என்னம்மா ஆயிடப் போகுது? புள்ள ஏங்கிப் போறான்." மருமகள் பதில் சொன்னால் அது மாமியார் மருமகள் சண்டையாகும், சொல்லாவிட்டால் பிஸ்கட் உள்ளே போகும். இங்கே உணவியலாளர் பாட்டியிடம் நேராகப் பேசுவதும், அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுப்பதும் பலன் தருகின்றன. பேரனுக்கென்று ஒரு பலகார டப்பா. அதை நிரப்பி வைப்பது பாட்டியின் வேலை. எள்ளுருண்டை, கடலை உருண்டை, சீடை, அதிரசம், பொட்டுக்கடலை முறுக்கு என்று அவர் கைப்பக்குவத்தில் பாதிக்கு மேல் அரிசியும் பருப்பும் வெல்லமும்தானே. அந்த டப்பா நிரம்பத் தொடங்கிய வீடுகளில் பாட்டியே காவலாக நிற்பார். தெருவில் யாராவது கேக் நீட்டினால் முதலில் தடுப்பது அவர்தான். வீட்டில் மற்றவர்கள் கோதுமையை முற்றிலும் விட வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஆனாலும் குழம்பும் பொரியலும் எல்லாருக்கும் ஒரே சட்டியில், குளூட்டன் இல்லாமல் ஆகட்டும். "உனக்கு மட்டும் தனிச் சமையல்" என்று தினம் மூன்று முறை கேட்டு வளரும் பிள்ளை மனதளவில் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுகிறது.

பள்ளிக்கு ஒரு கடிதம் போதாது. வகுப்பாசிரியரை நேரில் பார்க்க வேண்டும். டிபன் பாக்ஸ் பரிமாறிக்கொள்வது பிள்ளைகளின் நட்பு. அதைத் தடுப்பதைவிட, "இவன் குடுக்கலாம், வாங்கக் கூடாது" என்று வகுப்புக்கே தெரியச் செய்தால் சுலபம். பிள்ளையின் டப்பாவில் கொடுப்பதற்கும் சேர்த்து இரண்டு உருண்டை அதிகம் இருக்கட்டும். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் சேமியாவும் கிச்சடியும் அடிக்கடி வருகின்றன. பொங்கல் வரும் நாளிலும் கரண்டியும் பெருங்காயமும் கேட்டறிய வேண்டியவை. சமைக்கும் அக்காவிடம் பேசி ஏற்பாடு செய்ய முடிந்தால் நல்லது. முடியாதென்றால் வீட்டிலிருந்தே இட்லி கொண்டுபோக அனுமதி வாங்க வேண்டும். யாரும் யோசிக்காத இடம் ஒன்று உண்டு: ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போடவும், கைவினை வகுப்பில் காகிதம் ஒட்டவும் காய்ச்சும் மைதாப் பசை. தோலில் பட்டால் ஒன்றும் இல்லை. விரலை வாயில் வைக்கும் வயதில் அது உள்ளே போகும். சில விளையாட்டுக் களிமண்ணிலும் கோதுமை மாவு உண்டு. பாட்டில் பசை வாங்கிக் கொடுத்து, கை கழுவப் பழக்கினால் இது தீர்ந்துவிடும்.

ஹோட்டலில் இட்லியே பாதுகாப்பான தேர்வு, தோசை அப்படியில்லை. ரவா தோசையும் கோதுமை தோசையும் சில இடங்களில் பரோட்டாவும் வார்த்த அதே கல்லில்தான் அது வருகிறது. சாம்பாரில் பெருங்காயம், வடை, பஜ்ஜியின் எண்ணெயில் பூரி. இட்லி, தயிர், அவித்த முட்டை, வாழைப்பழம், இளநீர் என்று எளிமையாக முடித்துக்கொள்வது நலம். கல்யாணப் பந்திக்குப் போகும் முன் வீட்டிலேயே வயிறு நிரம்பச் சாப்பிட வைத்து, இலையில் சோறும் நெய்யும் தயிரும் வாழைப்பழமும் போட்டுக்கொண்டு உறவோடு உட்காரச் செய்யலாம். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் செய்வது என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பந்தியில் வைத்துச் சொன்னால் அழுகைதான் மிஞ்சும். கத்தோலிக்கக் குடும்பங்களில் புதுநன்மை வாங்கும் வயது வரும்போது இன்னொரு கேள்வி எழும். குளூட்டனை முழுதும் நீக்கிய அப்பத்தைத் திருச்சபை நற்கருணைக்கு ஏற்பதில்லை; குறைந்த குளூட்டன் அப்பத்தையும், திராட்சை ரசத்தை மட்டும் பெறுவதையும் ஏற்கிறது. பங்குத்தந்தையிடம் முன்பே பேசி, மற்ற அப்பம் தொடாத தனிக் கிண்ணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டால், அந்த நாளில் பிள்ளை மற்ற பிள்ளைகளோடு வரிசையில் நிற்க முடியும்.

இவ்வளவையும் பெற்றோரே எந்நாளும் சுமக்க முடியாது. நான்கு வயதுவரை அவர்கள் காவல் போதும். ஐந்து வயதிலிருந்து பிள்ளை தானே கேட்கப் பழக வேண்டும்: "அத்தை, இதுல கோதுமை, மைதா, ரவை இருக்கா?" இந்த ஒரு கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்க வைப்பது லேபிள் படிப்பதைவிடக் கடினம். வீட்டில் ஒத்திகை பார்ப்பது உதவும். அண்ணன் கடைக்காரராக, அப்பா வற்புறுத்தும் மாமாவாக, "சும்மா சாப்பிடு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று நீட்ட, பிள்ளை, "வேண்டாம் மாமா, எனக்கு வயித்துக்கு ஆகாது. வாழைப்பழம் இருந்தா குடுங்க" என்று சொல்லிப் பழகட்டும். மறுத்ததும் மாற்றாக ஒன்றைக் கேட்பது முக்கியம். கொடுத்தவருக்கும் மனம் குறைவதில்லை, பிள்ளை வெறுங்கையோடு நிற்பதுமில்லை. எட்டு, ஒன்பது வயதில் லேபிள் படிக்கலாம். பன்னிரண்டு வயதில் தனக்கொரு வேளை உணவைத் தானே சமைக்கத் தெரிந்திருந்தால், பின்னால் வரும் ஆண்டுகள் எளிதாகும்.

தவறுதலாகவோ ஆசைப்பட்டோ ஒரு நாள் குளூட்டன் உள்ளே போகத்தான் செய்யும். சில குழந்தைகளுக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். சிலருக்கு எதுவுமே தெரியாது. முறிவு மருந்து இல்லை. தண்ணீர் நிறையக் கொடுத்து, ஓய்வெடுக்க விட்டு, அடுத்த வேளையிலிருந்து ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும். திட்டினால் பிள்ளை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும். ஆலோசனையில் பெற்றோரைச் சற்று வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவது இதற்காகத்தான். அப்போதும், "எதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். "ஃப்ரெண்ட்ஸ் கட்டாயப்படுத்தினா எப்படிச் சமாளிக்கறே? எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டால் பேச்சு தானாகத் திறக்கும், பள்ளி வாசலில் விற்கும் சமோசாவும், கூட்டாளியின் பிறந்தநாள் கேக்கும் அப்போதுதான் வெளியே வரும்.

மருத்துவர் முதலாண்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் எடை, உயரம், ரத்தச் சத்துகள், டிடிஜி ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். டிடிஜி படிப்படியாக இறங்கி, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் சாதாரண அளவுக்கு வரும். எண் இறங்கிக்கொண்டிருந்தால் வழி சரி. இறங்கி வந்தது மீண்டும் ஏறினால் அடுக்களைப் பட்டியலை முதலிலிருந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் புதிதாக வந்த ஒரு பாக்கெட்டோ ஒரு பழக்கமோ பிடிபடும். உடன்பிறந்தவர்களையும் பெற்றோரையும் ஒரு முறை பரிசோதிப்பது அவசியம். நெருங்கிய ரத்த உறவினரில் பத்துப் பேரில் ஒருவருக்கு வரைகூட இந்த நோய் இருக்கலாம், பலருக்கு அறிகுறியே இருக்காது. முதல் வகைச் சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் சீலியாக்கோடு சேர்ந்து வரக்கூடியவை என்பதால் அவற்றையும் மருத்துவர் கவனிப்பார்.

வளரிளம் பருவம்தான் பிடி தளரும் காலம். சிறு வயதில் பட்ட துன்பம் மறந்துபோயிருக்கும். ஒரு பரோட்டா தின்றால் உடனே ஒன்றும் ஆகாது. நண்பர்கள் கூட இருப்பார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் குடல் புண்ணாவதையும், எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் சுண்ணாம்புச்சத்து சேராமல் போவதையும் அந்த வயதுப் பிள்ளையிடம் பெரியவர்களிடம் பேசுவதுபோலவே பேச வேண்டும். அதன் ரத்தப் பரிசோதனைத் தாள்களை வரிசையாக மேசையில் வைத்து, டிடிஜி எண்களை அதையே படிக்கச் சொல்வது ஒரு மணி நேர அறிவுரையைவிடப் பலன் தரும். கல்லூரி விடுதிக்குப் போகும் முன் விடுதிக் காப்பாளரையும் சமையல்காரரையும் பிள்ளையே பார்த்துப் பேசட்டும். மின்சார ரைஸ் குக்கர் ஒன்றை அறையில் வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அரிசியும் பாசிப்பருப்பும் முட்டையும் தயிரும் இருந்தால் எந்த ஊரிலும் ஒரு வேளை ஓடிவிடும். அந்த ஊரில் பெரியவர்களுக்கான இரைப்பை குடல் மருத்துவர் யார் என்று விசாரித்து, முதல் அறிக்கையிலிருந்து கடைசி ரத்தப் பரிசோதனை வரை எல்லாவற்றின் நகலையும் ஒரு கோப்பில் கொடுத்தனுப்ப வேண்டும். அசல் வீட்டில் இருக்கட்டும்.